பெயர் எழுதாத கல்



சிங்கப்பூரில் பாடாங் திடலுக்கு எதிர்ப்புறம், முன்பு கடற்கரையாக இருந்த இடத்தில், எஸ்பிளனேட் பூங்கா இருக்கிறது. அந்தப் பூங்காவில் உள்ள போர் நினைவுச் சின்னங்களில் இரண்டைப் பார்ப்போம். ஒன்று, அண்ணாந்து பார்க்க வேண்டிய கருங்கல் தூண். மற்றொன்று, பக்கத்தில் போய் நின்று படிக்க வேண்டிய சிறிய நினைவுக் கல். தூண் எல்லார் கண்ணிலும் படும். சிறிய கல்லைத் தேடித்தான் பார்க்க வேண்டும். ஆனால் அந்தச் சிறிய கல்தான் நமக்கு நெருங்கிய சொந்தம். மலாயாவின் ரப்பர்த் தோட்டங்களிலிருந்து படைக்குப் போன நம் தாத்தாமார், பாட்டிமாரின் கதை அந்த இடத்தில் இருக்கிறது. அந்தக் கதையையும், அதில் நாம் முடிக்காமல் விட்டிருக்கும் ஒரு கடமையையும் பற்றி இன்று பேசுவோம்.

முதலில் அந்தத் தூணைப் பார்க்கலாம். 1914 முதல் 1918 வரை நடந்த முதலாம் உலகப் போரில், சிங்கப்பூரில் பிறந்தோ வாழ்ந்தோ வந்த பிரிட்டிஷ்காரர்கள் 124 பேர் உயிரிழந்தார்கள். அவர்கள் இறந்து கிடந்தது எங்கோ தொலைதூர நாடுகளில். உடல்கள் இங்கு வரவில்லை. இங்கிருந்த சிறிய சமூகம் அவர்களை மறக்க விரும்பவில்லை. ஆகவே இந்தத் தூணை எழுப்பியது. 1922-ஆம் ஆண்டு மார்ச் 31-ஆம் தேதி, இங்கிலாந்தின் இளவரசர் எட்வர்டு இதைத் திறந்து வைத்தார். அவருடைய பரிவாரத்தில் மவுண்ட்பேட்டன் என்ற இளம் கடற்படை அதிகாரியும் இருந்தார். அந்தப் பெயரை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வரும்.

இரண்டாம் உலகப் போர் முடிந்த பிறகு, அதில் மாண்டவர்களுக்காகவும் இதே தூணின் மறுபக்கத்தில் எழுத்துப் பொறித்தார்கள். நாம் வாழ்வதற்காக அவர்கள் மாண்டார்கள் என்ற கருத்து அதில் ஆங்கிலம், மலாய், சீனம், தமிழ் ஆகிய நான்கு மொழிகளிலும் இருக்கிறது.

இனிச் சிறிய கல்லுக்கு வருவோம். அதன் கதையைச் சொல்ல, நாம் தோட்டத்துக்குத் திரும்ப வேண்டும்.

1941 டிசம்பரில் ஜப்பானியப் படை மலாயாவில் வந்து இறங்கியது. 1942 பிப்ரவரி 15-ஆம் தேதி சிங்கப்பூர் சரணடைந்தது. துரைமார்களில் பலர் அதற்கு முன்பே தோட்டங்களை விட்டுப் போய்விட்டார்கள். ரப்பரை வாங்குவார் இல்லை. பால் மரம் இருந்தது, வேலை இல்லை. அரிசி கிடைக்கவில்லை. மரவள்ளிக் கிழங்கே சோறானது. மருந்தில்லாமல் மலேரியாவில் மாண்டவர்கள் பலர். இந்த நிலையில்தான் ஜப்பானியர், சயாமுக்கும் பர்மாவுக்கும் இடையே 415 கிலோமீட்டர் நீளத்துக்கு ரயில் பாதை போட ஆள் பிடித்தார்கள். தோட்டம் தோட்டமாக லாரிகள் வந்தன. நல்ல சம்பளம் என்று சொல்லிச் சிலரை அழைத்துப் போனார்கள். பலரை மடக்கிப் பிடித்து ஏற்றிக்கொண்டு போனார்கள். போனவர்களில் பல்லாயிரம் பேர் திரும்பவே இல்லை. சயாம் மரண ரயில் என்றால் நம் குடும்பங்களில் இன்றும் பேச்சு நின்றுவிடும்.

அதே காலத்தில் இன்னோர் அழைப்பும் தோட்டங்களுக்கு வந்தது. 1943 ஜூலை 2-ஆம் தேதி நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் சிங்கப்பூர் வந்து சேர்ந்தார். ஜூலை 5-ஆம் தேதி, நான் சொன்ன அதே பாடாங் திடலில், இந்திய தேசிய ராணுவத்தின் அணிவகுப்பைப் பார்வையிட்டு, டில்லிக்குப் புறப்படுங்கள் என்று முழங்கினார். அதுவரை அந்தப் படையில் இருந்தவர்கள் பெரும்பாலும் ஜப்பானியரிடம் சிறைப்பட்ட இந்தியச் சிப்பாய்கள். நேதாஜியோ பொதுமக்களையும் அழைத்தார். பால் மரம் வெட்டியவர்கள், ரயில்வேயில் வேலை செய்தவர்கள், கடைச் சிப்பந்திகள், கிராணிமார், பள்ளி மாணவர்கள் என ஆயிரக்கணக்கான தமிழர்கள் சேர்ந்தார்கள். நேதாஜி இந்துஸ்தானியில் பேசுவார். பக்கத்தில் ஒருவர் அதைத் தமிழில் சொல்வார். கூட்டத்தில் தாய்மார்கள் காதில், கழுத்தில் கிடந்ததைக் கழற்றிக் கொடுத்தார்கள்.

பெண்களுக்கென்றே ஜான்சி ராணிப் படை அமைக்கப்பட்டது. 1943 அக்டோபர் 22-ஆம் தேதி சிங்கப்பூர் வாட்டர்லூ வீதியில் அதன் பயிற்சி முகாம் திறக்கப்பட்டது. சென்னையிலிருந்து வந்து சிங்கப்பூரில் வைத்தியம் பார்த்துக்கொண்டிருந்த டாக்டர் லட்சுமி அதன் தலைவி ஆனார். கோலாலம்பூரில் வளர்ந்த ஜானகி, பின்னாளில் ஜானகி ஆதி நாகப்பன் என்று நாடறிந்தவர், அதன் முன்னணித் தளபதிகளுள் ஒருவர். இவர்களுடைய பெயர் நமக்குத் தெரியும். ஆனால் அந்தப் படையில் நூற்றுக்கணக்கான பெண்கள் இருந்தார்கள். அவர்களில் தோட்டத்து லயங்களிலிருந்து போனவர்கள் பலர். அதுவரை பேனா பிடித்தறியாத கைகள் துப்பாக்கி பிடித்தன.

ஏன் போனார்கள்? இந்தக் கேள்விக்கு நாம் நேர்மையாகப் பதில் சொல்ல வேண்டும். தாய்நாட்டு விடுதலைக்கு உயிரைக் கொடுக்கவே போனவர்கள் உண்டு. சயாமுக்குப் பிடித்துக்கொண்டு போவதற்கு முன் படையில் சேர்ந்துவிட்டால் தப்பலாம் என்று போனவர்களும் உண்டு. வீட்டில் பட்டினி, முகாமில் சோறு உண்டு என்று போனவர்களும் உண்டு. ஒருவர் மனத்திலேயே இந்த மூன்று காரணமும் சேர்ந்து இருந்திருக்கலாம். இதைச் சொல்வதால் அவர்கள் பெருமை குறையாது. எந்த ஜப்பானியர் நம் உறவினரைச் சயாமுக்கு இழுத்துப் போனார்களோ, அதே ஜப்பானியரின் துணையோடுதான் இந்தப் படையும் போருக்குப் போனது. அந்தக் காலம் அப்படிப்பட்ட காலம். வழி இரண்டும் முள்ளாக இருந்தபோது, அவர்கள் நிமிர்ந்து நடக்கக் கூடிய வழியைத் தேர்ந்தெடுத்தார்கள்.

நிமிர்ந்து நடப்பது என்று நான் சொல்வதில் பொருள் இருக்கிறது. தோட்டத்தில் விடிவதற்கு முன் பெரட்டுக் களத்தில் வரிசையில் நின்றவர்கள் அவர்கள். கங்காணி பெயர் கூப்பிட்டால் கை கட்டிப் பதில் சொன்னவர்கள். கூலி என்ற ஒரே சொல்லால் அழைக்கப்பட்டவர்கள். முகாமிலும் வரிசைதான். ஆனால் அங்கே அவர்கள் சிப்பாய்கள். இந்து, முஸ்லிம், சீக்கியர், கிறிஸ்தவர், மேல் சாதி, கீழ்ச் சாதி எல்லாரும் ஒரே அடுப்பில் சமைத்ததை ஒரே பந்தியில் உண்டார்கள். தோட்டத்தில் குடிதண்ணீருக்கும் கோயில் வாசலுக்கும் சாதி பார்த்த காலத்தில், இது எவ்வளவு பெரிய மாற்றம் என்று எண்ணிப் பாருங்கள்.

1944-இல் அந்தப் படையின் ஒரு பகுதி பர்மா எல்லையைத் தாண்டி இந்திய மண்ணில் கால் வைத்தது. ஏப்ரல் 14-ஆம் தேதி, மணிப்பூரில் உள்ள மொய்ராங் என்ற ஊரில் கொடி ஏற்றியது. பிறகு மழைக்காலம் பிடித்துக்கொண்டது. உணவும் மருந்தும் வந்து சேரவில்லை. குண்டு பட்டு இறந்தவர்களை விடப் பசியாலும் நோயாலும் இறந்தவர்கள் அதிகம். 1945 தொடக்கத்தில் பர்மாவில் ஐராவதி ஆற்றங்கரையிலும் போப்பா மலைப் பகுதியிலும் மீண்டும் சண்டை நடந்தது. அதிலும் பின்வாங்க நேர்ந்தது. மலாயாவில் சேர்ந்தவர்களில் ஒரு பகுதியினர் பர்மா வரை போனார்கள். மற்றவர்கள் முகாம்களில் காத்திருந்தபோதே போர் முடிந்துவிட்டது. ஜான்சி ராணிப் படையின் பெண்கள் பர்மாவிலிருந்து திரும்பும் வழியில் ஸ்டெல்லா, ஜோசபின் என்ற இருவர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள்.

இப்படி மாண்டவர்களுக்கு ஒரு நினைவுச் சின்னம் வேண்டும் என்று நேதாஜி நினைத்தார். 1945 ஜூலை 8-ஆம் தேதி, எஸ்பிளனேடில் அதற்கு அடிக்கல் நாட்டினார். கட்டும் பொறுப்பைக் கர்னல் ஸ்டிரேசி என்ற அதிகாரியிடம் ஒப்படைத்தார். ஆகஸ்டு இரண்டாம் வாரத்தில் நேதாஜி சிரம்பான் முகாமில் இருந்தபோது ஜப்பான் பணியப் போகிறது என்ற செய்தி வந்தது. அவர் சிங்கப்பூர் திரும்பினார். பிரிட்டிஷ் படை வந்து இறங்குவதற்குள் வேலையை முடிக்க வேண்டும் என்று விரைந்தார்கள். முடித்தும் விட்டார்கள். ஒற்றுமை, நம்பிக்கை, தியாகம் என்று பொருள்படும் மூன்று இந்துஸ்தானிச் சொற்கள் அதில் இருந்தன. பெயர் அறியப்படாத வீரனுக்கு என்று அது காணிக்கையாக்கப்பட்டது.

1945 செப்டம்பர் 5-ஆம் தேதி பிரிட்டிஷ் படை சிங்கப்பூரில் இறங்கியது. நேச நாடுகளின் தென்கிழக்காசியத் தலைமைத் தளபதி யார் தெரியுமா? 1922-இல் இளவரசரோடு வந்து போன அதே மவுண்ட்பேட்டன். அவருடைய உத்தரவின் பேரில், ஈரம் காய்ந்தும் காயாமலும் இருந்த அந்த நினைவுச் சின்னம் வெடி வைத்துத் தகர்க்கப்பட்டது. அடிக்கல் நாட்டி இரண்டு மாதம் ஆகியிருந்தது. தூண் நின்றது. பக்கத்தில் இருந்தது கல் குவியலாயிற்று.

அரசருக்குச் சத்தியம் செய்து கொடுத்த சிப்பாய்கள் அந்தச் சத்தியத்தை மீறினார்கள், அப்படிப்பட்டவர்களுக்கு நினைவுச் சின்னமா என்பது பிரிட்டிஷாரின் வாதம். படை ஒழுங்கு என்று பார்த்தால் அவர்கள் கண்ணுக்கு அது நியாயமாகத் தோன்றியிருக்கலாம். ஆனால் தோட்டத்துத் தமிழன் எந்த அரசரின் படையிலும் சேர்ந்து சத்தியம் செய்து கொடுக்கவில்லையே! அவன் கையில் இருந்தது பால் வெட்டும் கத்தி. அவன் மீறுவதற்குச் சத்தியமே இருக்கவில்லை. இதை அப்போது யாரும் எண்ணிப் பார்த்ததாகத் தெரியவில்லை.

மறுபக்கத்தையும் நாம் மறக்கக் கூடாது. சிறைப்பட்ட இந்தியச் சிப்பாய்களில் பல்லாயிரம் பேர், கொடுத்த வாக்கை மீற மாட்டோம் என்று இந்திய தேசிய ராணுவத்தில் சேராமலே இருந்தார்கள். அதற்காகத் துன்பமும் பட்டார்கள். மலாயாவைக் காக்கப் போரிட்டு மாண்ட இந்தியச் சிப்பாய்களும் ஆயிரக்கணக்கில் உண்டு. சிங்கப்பூர் கிராஞ்சியில் 1957-இல் திறக்கப்பட்ட போர் நினைவகத்தின் சுவர்களில், கல்லறை இன்னதென்று அறியப்படாத 24,000-க்கும் மேற்பட்டவர்களின் பெயர்கள் உள்ளன. அவற்றில் நம் நாட்டுப் பெயர்களை வரிசை வரிசையாகக் காணலாம். எரியூட்டப்பட்ட ஏறக்குறைய 800 வீரர்களுக்கும் அங்கே தனி நினைவுச் சின்னம் உண்டு. அவர்களும் வீரர்களே. ஒருவரைப் போற்றுவதற்காக மற்றவரைத் தூற்ற வேண்டியதில்லை.

நேயர்களே, இறந்த வீரனுக்குக் கல் நடுவது வெள்ளைக்காரரிடமிருந்து நாம் கற்றுக்கொண்டதன்று. நம் தொல்காப்பியமே அதை முறையாகச் சொல்கிறது. கல்லைத் தேடிக் காண்பது, நல்ல வேளையில் எடுப்பது, நீராட்டுவது, நடுவது, படையல் இடுவது, வாழ்த்துவது என்று அதற்குப் படிகள் உண்டு. தருமபுரி, திருவண்ணாமலைப் பக்கங்களில் அத்தகைய நடுகற்கள் இன்றும் கிடைக்கின்றன. ஊர் ஆடுமாடுகளை மீட்கப் போய் மாண்ட எளிய மனிதனுக்கும் கல் உண்டு. அந்தக் கல்லில் பல இடங்களில் மூன்று செய்திகளைக் காணலாம். அவன் பெயர், யாருடைய மகன் அல்லது யாருடைய ஆள், எந்தச் சண்டையில் மாண்டான் என்பவை. நம் தோட்டங்களில் மதுரைவீரனுக்குப் பொங்கல் வைக்கிறோமே, அதுவும் வீரனை வணங்கும் பழைய வழக்கத்தின் தொடர்ச்சிதான்.

இடித்த கல்லுக்குப் பின்னால் என்ன ஆனது? ஐம்பது ஆண்டுகள் அந்த இடம் வெறுமையாகவே கிடந்தது. 1995-இல், போர் முடிந்த ஐம்பதாம் ஆண்டில், சிங்கப்பூரின் தேசிய மரபுடைமைக் கழகம் போர்க்கால இடங்களைத் தேர்ந்தெடுத்துக் குறிப்புக் கற்களை வைத்தது. எஸ்பிளனேடில் அந்த நினைவுச் சின்னம் இருந்த இடமும் அவற்றில் ஒன்று. சிங்கப்பூர் இந்திய சமூகத்தார் பணம் திரட்டிக் கொடுத்தார்கள். அந்தக் கல்லைத்தான் தொடக்கத்தில் சொன்னேன். மொய்ராங்கிலும், இடிக்கப்பட்ட சின்னத்தைப் போலவே ஒன்றை இந்திய மண்ணில் கட்டியிருக்கிறார்கள். இடித்தவர்கள் நினைத்தது நடக்கவில்லை.

ஆனால் ஒரு குறை இன்னும் தீரவில்லை. 1922-ஆம் ஆண்டுத் தூண் 124 பேரின் பெயரைச் சொல்கிறது. கிராஞ்சிச் சுவர் 24,000 பேரின் பெயரைச் சொல்கிறது. தாய்லாந்தில் காஞ்சனபுரி போர்க் கல்லறையில் ஏறக்குறைய 7,000 போர்க் கைதிகள் வரிசையாகக் கிடத்தப்பட்டிருக்கிறார்கள். அதே ரயில் பாதையில் மாண்ட நம் தோட்டத்து மக்களுக்கு அப்படிப் பெயர் எழுதிய கல்லறை வரிசை கிடையாது. இந்திய தேசிய ராணுவத்தில் மாண்ட தோட்டத்துப் பிள்ளைகளும் பெயர் அறியப்படாத வீரர்களாகவே இருக்கிறார்கள்.

இதற்குக் காரணம் எளிது. அரசாங்கப் படை பெயர்ப் பதிவேடு வைத்திருந்தது. சம்பளப் புத்தகம் வைத்திருந்தது. போர் முடிந்ததும் கல்லறைகளைக் கவனிக்க ஒரு கழகமே இருந்தது. தோற்றுப் பின்வாங்கிய படையின் காகிதங்களோ பல அழிக்கப்பட்டன. ரயில் பாதைக்குப் போனவர்களை ஆள் கணக்காகத்தான் எண்ணினார்கள். எழுதி வைத்தவர்களின் பெயர் நின்றது. எழுதாதவர்களின் பெயர் காற்றோடு போயிற்று.

நேயர்களே, திரும்பி வந்தவர்களையும் நினைக்க வேண்டும். அவர்கள் சீருடையைக் கழற்றிவிட்டு மறுபடியும் பால் வாளியைத் தூக்கினார்கள். ஆனால் பழைய ஆட்களாகத் திரும்பவில்லை. 1946, 1947-ஆம் ஆண்டுகளில் கெடாத் தோட்டங்களில் தொண்டர் படை தோன்றிக் கள்ளுக்கடையை எதிர்த்தது. குடித்துச் சீரழியாதே, பிள்ளையைப் படிக்க வை என்று லயத்துக்கு லயம் சொன்னது. அந்த ஒழுங்கிலும் அணிவகுப்பிலும் நேதாஜி படையின் பயிற்சி தெரிந்தது. 1946-இல் மலாயா இந்தியர் காங்கிரசைத் தொடங்கியவர்களிலும், அதன் முதல் தலைவர் ஜான் திவி உட்பட, அந்த இயக்கத்திலிருந்து வந்தவர்கள் இருந்தார்கள். போர்க்களத்தில் தோற்றவர்கள் தோட்டத்தில் தலை நிமிர்வதற்கு வழி காட்டினார்கள்.

அந்தத் தலைமுறை இன்று ஏறத்தாழ முழுவதும் மறைந்துவிட்டது. 1943-இல் பதினெட்டு வயதில் சேர்ந்தவர் இருந்தால் நூறு வயதைத் தொட்டிருப்பார். அவர்கள் புறப்பட்டுப் போனதைச் சிறு பிள்ளையாக லயத்து வாசலில் நின்று பார்த்தவர்களே இப்போது தொண்ணூறை நெருங்குகிறார்கள். தோட்டங்களோ பல துண்டாடப்பட்டுவிட்டன. மக்கள் தாமான்களுக்கும் அடுக்கு வீடுகளுக்கும் போய்விட்டார்கள். இந்த நிலையில் நாம் என்ன செய்யலாம்?

பெரிய தூண் எழுப்ப நம்மிடம் பணம் இல்லை என்று சொல்ல வேண்டாம். ஒரு நல்ல நோட்டுப் புத்தகம் போதும். வீட்டில் உள்ள மூத்தவரிடம் உட்கார்ந்து கேளுங்கள். படைக்கோ ரயில் பாதைக்கோ போனவர் பெயர் என்ன? அவர் அப்பா பெயர், அம்மா பெயர் என்ன? எந்தத் தோட்டம், எந்த டிவிஷன்? கூடப் போனவர்கள் யார் யார்? திரும்பி வந்தாரா? வந்து என்ன செய்தார்? வரவில்லை என்றால் கடைசியாக வந்த செய்தி என்ன? இவ்வளவையும் எழுதுங்கள். பெண்களின் பெயரை விட்டுவிடாதீர்கள். இன்னாருடைய மனைவி என்று மட்டும் எழுதாமல், அவருடைய சொந்தப் பெயரைக் கேட்டு எழுதுங்கள்.

எழுதும்போது ஒரு கட்டுப்பாடு வேண்டும். கண்ணால் கண்டது எது, காதால் கேட்டது எது என்று பிரித்து எழுதுங்கள். ஆண்டு நிச்சயமில்லை என்றால், போருக்கு முன், பின் என்று எழுதுங்கள். முகாமில் சமையல் செய்தவரைத் தளபதி ஆக்க வேண்டாம். சமையல் செய்தவருக்கும் அந்தப் படையில் இடம் உண்டு. மிகைப்படுத்திய ஒரு செய்தி, உண்மையான பத்துச் செய்திகளையும் சந்தேகத்துக்கு ஆளாக்கிவிடும்.

பழைய பெட்டியில் புகைப்படம், கடிதம், சான்றிதழ் ஏதேனும் இருந்தால் எறிந்துவிடாதீர்கள். படத்தின் பின்புறம் மெல்லப் பென்சிலால் பெயரை எழுதுங்கள். கைத்தொலைபேசியில் படம் பிடித்து உறவினர்களுக்கும் அனுப்பி வையுங்கள். ஒரே இடத்தில் இருப்பது தீக்கும் வெள்ளத்துக்கும் போய்விடக் கூடும். மூத்தவர் பேசுவதைப் பிள்ளைகள் அதே கருவியில் பதிவு செய்யலாம்.

ஒரு தோட்டத்து மக்கள் பல இடங்களில் சிதறியிருந்தாலும், ஆண்டுக்கு ஒரு முறை கோயில் திருவிழாவில் கூடுகிறார்கள். அந்த நாளில் ஆளுக்கொரு குடும்பப் பட்டியலைக் கொண்டு வந்து ஒன்றாகச் சேர்க்கலாம். கோயில் மண்டபத்திலோ தமிழ்ப் பள்ளியிலோ உரியவர்களின் அனுமதி பெற்று, ஒரு சிறிய பலகையில் அந்தப் பெயர்களைப் பொறிக்கலாம். சேவைக்குப் போனவர், சயாமுக்குப் போனவர், இரு தரப்புப் பெயர்களும் ஒரே பலகையில் இருக்கட்டும். ஒரே லயத்தில் பக்கத்துப் பக்கத்து வீட்டில் இருந்தவர்கள்தாமே அவர்கள்! பொங்கல் வைக்கும் நாளில் ஒரு சிறுவனோ சிறுமியோ அந்தப் பெயர்களை உரக்க வாசிக்கட்டும். முன்பு பெரட்டுக் களத்தில் வேலைக்காகக் கூப்பிட்ட பெயர்களை இனி மரியாதைக்காகக் கூப்பிடுவோம்.

எஸ்பிளனேடில் இருந்த சின்னத்தை வெடி வைத்துத் தகர்க்க முடிந்தது. ஆயிரம் வீட்டு நோட்டுப் புத்தகங்களில் இருக்கும் பெயர்களை யார் போய்த் தகர்க்க முடியும்? இந்த வாரக் கடைசியில் உங்கள் வீட்டு மூத்தவரிடம் கேட்டு, முதல் பெயரை எழுதிவிடுங்கள்.